புதுப்பிப்பு: ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்ட பேக்கப் டிஸ்க் – கோப்புகள் மீண்டன

போன வாரம் கேட்டிருந்தேன்: என் 500 ஜிபி எக்ஸ்டெர்னல் டிஸ்கைச் செருகினால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது, உள்ளே அக்கா கல்யாணப் படங்கள். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முக்கியமாக “எதையும் எழுதாதே, முதலில் நகல் எடு” என்று அதட்டிய நண்பருக்கு.

அவர் சொன்னபடி உபுண்டு (லினக்ஸ்) போட்ட பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்து, பழுதான டிஸ்கை அப்படியே ஒரே கோப்பாக நகலெடுக்கும் டிடிரெஸ்கியூவை ஓட்டினேன். 4 ஜிபி ஆனதும் நின்றுவிட்டது. டிஸ்க் போயே போச்சு என்று நினைத்தேன். பார்த்தால், நகல் எழுதிய 1 டிபி டிஸ்க் டிவிக்காக எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதைக் காலி செய்து லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மேட்டுக்கு மாற்றிய பிறகு ஓடியது. ராத்திரி கரண்ட் போனது. எதுவரை நகலானது என்று குறித்துவைக்கும் மேப் கோப்புக்கும் இடம் கொடுத்திருந்ததால் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. அந்த மேப் கோப்பை உபுண்டு பென்டிரைவில் வைக்காதீர்கள், மறுபடி பூட் செய்தால் அழிந்துவிடலாம்.

பிறகு நகலின் மேல்தான் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன்: மெனுவில் ‘அட்வான்ஸ்டு’, ‘பூட்’. பூட் செக்டார் (டிஸ்க் பகுதியின் அமைப்பைச் சொல்லும் தொடக்கத் துண்டு) கெட்டிருந்தது, அதன் பேக்கப் செக்டார் ‘ஓகே’. அந்த டிஸ்கின் ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ், பூட் செக்டாரின் பிரதியைக் கடைசி செக்டாரில் வைத்திருக்குமாம். அந்தப் பிரதியைக் கெட்டதன் மேல் எழுதும் ‘பேக்கப் பிஎஸ்’ கொடுத்ததும் ஃபோல்டர்கள் பெயரோடு வந்தன. கோப்புகளைத் தனித்தனியே தேடியெடுக்கும் போட்டோரெக் தேவைப்படவில்லை, நல்லவேளை. அது கோப்புப் பெயர்களைத் தராது.

திறக்காதவை மூன்று வீடியோக்கள் மட்டும். அதில் ஒன்று மாமாவின் நாற்பது நிமிட வாழ்த்துரை, அக்காவே தேட வேண்டாம் என்றுவிட்டாள்.