மேக்னசைட் ஈடிடிஏ டைட்ரேஷன்: கலர் ஊதாவிலேயே நிற்கிறது, சிஏஓ (கால்சியம் ஆக்சைடு) குறைவாக வருகிறது

செட்டிச்சாவடி_லேப்:
சேலம் மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட் கனிமம்), அதில் மெக்னீசியமும் கால்சியமும் எவ்வளவு என்று பார்க்கிறோம். 0.5 கிராமை எச்சிஎல்லில் கரைத்து, சிலிக்காவை வடிகட்டி, 250 மி.லி. ஆக்குகிறோம். இரண்டும் சேர்ந்த மொத்தத்துக்கு அதில் 10 மி.லி., அமோனியா பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்), இண்டிகேட்டராக எரியோகுரோம் பிளாக் டி, உலோக அயனிகளைப் பற்றும் 0.01 மோலார் ஈடிடிஏ. சில சாம்பிளில் முடிவைக் காட்டும் நீலமே வருவதில்லை. இரும்பையும் அலுமினியத்தையும் மறைக்க ட்ரைஎத்தனோலமைன் போட்டும் அப்படித்தான். கால்சியத்துக்கு மட்டும் 50 மி.லி., காரம், பேட்டன்-ரீடர் இண்டிகேட்டர். சிஏஓ 1% உள்ள ஸ்டாண்டர்டே 0.7, 0.8 காட்டுகிறது. இண்டிகேட்டர் புதிது. எங்கே பார்க்கலாம்?

கனிமப்_பகுப்பு:
ட்ரைஎத்தனோலமைனை எப்போது ஊற்றுகிறீர்கள்? கரைசல் அமிலமாக இருக்கும்போதே 1:1 கரைசல் 5 மி.லி. போட்டுக் கலக்கிவிட்டு, பிறகுதான் பஃபர். பஃபர் முந்திவிட்டால் இரும்பும் அலுமினியமும் ஹைட்ராக்சைடாகிவிடும், அப்புறம் பிடிபடாது.

வரிசை சரி என்றால் எனக்கு நிக்கல் மேல்தான் சந்தேகம். நம்ம ஊர் மேக்னசைட் டியூனைட் பாறைக்குள் நரம்பாக ஓடுவது. டியூனைட்டில் நிக்கல் உண்டு. வெள்ளைக் கட்டிகளை மட்டும் பொறுக்கி அரைத்து ஒன்று, பாறை ஒட்டியதை அரைத்து ஒன்று என்று போட்டுப் பாருங்கள். இரண்டாவது மட்டும் ஊதாவில் நின்றால் அதுதான். ட்ரைஎத்தனோலமைன் நிக்கலை மறைக்காது. அமோனியாவால் இரும்பைப் படியவைத்து வடித்தாலும் நிக்கல் அமோனியாவோடு அணைவாகிப் பெரும்பகுதி வடிநீரிலேயே தங்கிவிடும். இண்டிகேட்டரை அது ஒருமுறை பற்றினால் ஈடிடிஏவால் சீக்கிரம் பிடுங்க முடியாது.

அதனால் பேக் டைட்ரேஷன் (ஈடிடிஏவைக் கூடுதலாக ஊற்றி மிச்சத்தை அளப்பது) செய்யுங்கள். அதே 10 மி.லி.க்கு ஈடிடிஏ 30 மி.லி. முதலிலேயே ஊற்றி, பஃபர் போட்டு, லேசாகச் சூடாக்கி ஆறவிட்டு, கடைசியில் இண்டிகேட்டர். மிச்சத்தை 0.01 மோலார் மெக்னீசியம் சல்பேட்டால் நீலத்திலிருந்து சிவப்புக்கு. நிக்கலும் கணக்கில் சேர்ந்துவிடும்: 0.2% நிக்கல் இருந்தால் எம்ஜிஓ (மெக்னீசியம் ஆக்சைடு) 0.14% கூடுதலாகத் தெரியும், தனியாக அளந்து கழியுங்கள். பொட்டாசியம் சயனைடு வேண்டவே வேண்டாம். கழிவில் அமிலம் பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஏற்காடு_அடிவாரம்:
கால்சியம் குறைவது வேறு கதை. உங்கள் 50 மி.லி.யில் எம்ஜிஓ சுமார் 46 மி.கி., சிஏஓ வெறும் 1 மி.கி. காரம் ஊற்றியதும் 66 மி.கி. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு படிகிறது. அது கால்சியத்தையும் உள்ளே இழுக்கும், இண்டிகேட்டரையும் ஒட்டிக்கொள்ளும். முதலில் தோராயமாக ஒன்று போட்டுப் பாருங்கள். அடுத்ததில் அந்த அளவில் 95% ஈடிடிஏவை அமிலக் கரைசலிலேயே ஊற்றிவிட்டு, 150 மி.லி.க்கு நீர்த்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கியபடி பிஎச் 12.5 வரை ஏற்றுங்கள். ஐந்து நிமிஷம் நிற்கட்டும், பிறகு இண்டிகேட்டர். அதற்கு மேல் காத்திருந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கால்சியத்தைக் கார்பனேட் ஆக்கிவிடும்.

1 மி.கி. சிஏஓவுக்கு 1.78 மி.லி.தான் செலவாகும். 50 மி.லி. பியூரெட்டில் 0.05 மி.லி. தவறினாலே கிட்டத்தட்ட 3% பிழை. 10 மி.லி. மைக்ரோ பியூரெட்டுக்கு மாறுங்கள்.

செட்டிச்சாவடி_லேப்:
ட்ரைஎத்தனோலமைன் பஃபருக்குப் பிறகுதான் போகிறது, மாற்றுகிறோம். இன்னொன்று: ஒரே சாம்பிளில் எம்ஜிஓ காலையில் ஒன்று, மதியம் 0.1% கூட. ஏன்?

கனிமப்_பகுப்பு:
வெயில். 27 டிகிரியிலிருந்து 37க்குப் போனால் நீர்க்கரைசல் 0.3% விரியும், 22.8 மி.லி.யில் அது 0.07 மி.லி., எம்ஜிஓவில் சுமார் 0.15%. ஈடிடிஏவை அன்றன்று, சாம்பிள் ஓட்டும் அதே நேரத்தில் ஸ்டாண்டர்டைஸ் செய்யுங்கள் (அளவு தெரிந்த கரைசலோடு ஓட்டி அதன் செறிவைச் சரிபாருங்கள்). பாட்டிலும் பாலித்தீனாக இருக்கட்டும், கண்ணாடியிலிருந்து கால்சியம் கரைந்து வரும். பிளாங்க்கை (சாம்பிள் இல்லாமல் ஓட்டுவதை) விடாதீர்கள்.