துருக்கியில் முடி வெட்டிக்கொள்ளலாமா? எனக்கு இரட்டைச் சுழி

தோபாயோ இரட்டைச்சுழி:

வணக்கம். கேட்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

எனக்குக் கப்பல் பட்டறையில் வேலை. அடுத்த மாதம் ஏழு வாரத்துக்குத் துருக்கி அனுப்புகிறார்கள். இஸ்தான்புல் ஓரத்தில் துஸ்லா என்று ஓர் இடம், வரிசையாகக் கப்பல் பட்டறைகள். என் முடி நான்கு வாரத்துக்கு மேல் தாங்காது. ஐந்தாவது வாரம் காதுக்கு மேலே இறகு முளைத்த மாதிரி ஆகிவிடும். ஆக, அங்கே ஒரு தடவையாவது வெட்டியே ஆகவேண்டும்.

பதினொரு வருடமாக ஒரே கைதான் என் தலையில் பட்டிருக்கிறது. இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் கெர்பாவ் சாலைப் பக்கம் சலூன் வைத்திருக்கிற ஒரு மன்னார்குடிக்கார அண்ணன். உட்கார்ந்ததும் "வழக்கம்போலதானே தம்பி" என்பார், நான் கண்ணை மூடிக்கொள்வேன். எனக்கு உச்சியில் இரட்டைச் சுழி. (ரெண்டு கல்யாணம் என்று பாட்டி சொல்லிவைத்தாள். ஒன்றுக்கு வாங்கிய வீட்டுக் கடனே இன்னும் முடியவில்லை.) அந்த இடத்தில் முடி ஒரு விரல்கடைக்குக் கீழே போனால் எழுந்து நின்றுவிடும். தண்ணீர், எண்ணெய், ஜெல் எதற்கும் படியாது. அண்ணனுக்கு இது தெரியும். ஒரு தடவை அவர் ஊருக்குப் போயிருந்தபோது அவசரத்துக்கு ஒரு பேரங்காடியில் பத்து நிமிடக் கடையில் போய் உட்கார்ந்தேன். மூன்று வாரம் தொப்பியோடு திரிந்தேன். இத்தனைக்கும் அங்கே தமிழிலேயே சொல்லிப் புரியவைத்திருந்தேன்!

துருக்கியில் ஒரு வார்த்தை தெரியாமல் சுழியை எப்படி விளக்குவது? காதில் நெருப்பு வைப்பார்களாமே, உண்மையா? வெளியூரில் வெட்டிக்கொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "மொட்டை அடிச்சுட்டுப் போ" என்று என் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள், அந்த யோசனை வேண்டாம்.

ஜொகூர் போய்வருபவன்:

நான் மாதா மாதம் பாலம் தாண்டி மலேசியாவில், ஜொகூர் பாருவில் வெட்டிக்கொள்கிறேன், அது வெளிநாடு இல்லையா? விலை பாதிதான். ஆனால் சனிக்கிழமை போனால் பாலத்து வரிசையிலேயே வெட்டின முடி திரும்ப வளர்ந்துவிடும்.

பிடோக் பழைய கப்பல்காரன்:

தம்பி, நான் எஞ்சின் அறையில் முப்பது வருடம் இருந்தவன். இப்போது பேரனைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதுதான் உத்தியோகம். கப்பல் துறைமுகத்தில் நின்றால் மற்றவர்கள் சாமான் வாங்கப் போவார்கள், நான் சலூனைத் தேடிப் போவேன். ஒரு மணி நேரம் ஆடாத நாற்காலி கிடைக்கும். அதற்காகவே போவேன்.

முதலில் உன் சுழிக்கு வழி சொல்கிறேன். எந்த நடிகர் படத்தையும் எடுத்துக்கொண்டு போகாதே. அந்த நடிகருக்கு உன் சுழி இல்லை. உன் தலையையே படம் எடு. முன்னால், இரண்டு பக்கம், பிடரி, அப்புறம் முக்கியமாக உச்சியிலிருந்து ஒன்று. அதையும் வெட்டிய அன்றைக்கு எடுக்காதே, அன்றைக்கு எல்லார் தலையும் நன்றாகத்தான் இருக்கும். நான்கைந்து நாள் கழித்து, குளித்து, தானாகக் காய்ந்த தலையை எடு. நல்ல சவரத் தொழிலாளிக்கு அந்த உச்சிப் படம் ஒன்று போதும். சுழியைப் பார்த்துவிட்டு மிஷினைக் கீழே வைத்துக் கத்தரியை எடுத்தால் அவர் ஆள். பார்க்காமலே மிஷினைப் போட்டால் "வயிற்று வலி" என்று எழுந்து வந்துவிடு. நான் ஒரு தடவை அப்படி எழுந்து வந்திருக்கிறேன், பாதிப் போர்வையோடு.

அடுத்தது அளவு. இங்கே நாம் "சைடு நம்பர் டூ" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது மிஷினில் மாட்டுகிற சீப்பின் எண், அங்குலக் கணக்கு. எண் ஒன்று கூடினால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடும். ஒன்று என்றால் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, மூன்று கிட்டத்தட்ட 10, நான்கு 13. வேறு கம்பெனி மிஷினில் சீப்பு அளவு வேறாக இருக்கும், அவருடைய இரண்டு உன்னுடைய இரண்டாக இருக்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை. அதனால் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைத் தாளில் எழுதிக் காட்டு. எஞ்சின்காரனுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

நெருப்பு உண்மைதான். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துப் பற்றவைத்து, காது மடலில் பட்டும் படாமலும் தட்டுவார்கள். சுடாது. ஆனால் உரித்த கோழியை அடுப்பில் வாட்டுகிற வாசனை வரும், அது உன் காது முடிதான். முடிந்ததும் எலுமிச்சை வாசனையில் கொலோன்யா என்று ஒன்றைக் கையில் ஊற்றித் தேய்ப்பார்கள். அதில் பெரும்பகுதி ஆல்கஹால். கத்தி பட்ட பிடரியில் அது விழும்போது "முருகா" என்பாய், வெட்கப்படாதே. எல்லாம் முடிந்து எழுந்ததும் "சிஹத்லெர் ஒல்சுன்" என்பார்கள். உடம்புக்கு நல்லதாகட்டும் என்று அர்த்தம். குளித்துவிட்டு வந்தவரையும் அங்கே இப்படித்தான் வாழ்த்துவார்கள். முடி வெட்டிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிற்கவைத்து, "எதையும் தொடாதே, நேராக் குளிக்கப் போ" என்று விரட்டுகிற வீட்டில் வளர்ந்த எனக்கு, முதல் தடவை கேட்டபோது என்னவோபோல் இருந்தது.

மூன்று சொல் போதும் உனக்கு. அஸ் என்றால் கொஞ்சம். யெத்தெர் என்றால் போதும். தமாம் என்றால் சரி. சவரக் கத்திக்கு அங்கே உஸ்துரா. என்னோடு வேலை பார்த்த பீகார்க்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார், இந்தியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம்.

லீவு நாளையும் பார்த்துக்கொள். தமிழ்நாட்டில் செவ்வாய்க்கிழமை கடை இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். இத்தாலியில் திங்கள். நேப்பிள்ஸில் ஒரு திங்கட்கிழமை முழுக்கத் தெருத் தெருவாக அலைந்துவிட்டு அப்படியே கப்பல் ஏறினேன்.

இன்னொன்று, இது உன் கேள்விக்கு இல்லை, ஞாபகம் வந்ததால் எழுதுகிறேன். நீ வெளிநாட்டில் வெட்டிக்கொள்ள யோசிக்கிறாய். 1970களில் முடி நீளமாக வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விடாமல் நிறுத்தி, வெட்டிக்கொண்டு வா என்றார்கள். நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் படம் போட்டே ஒட்டியிருந்தது. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, பின்னால் காலருக்குக் கீழே இறங்கக்கூடாது. எனக்கு அப்போது கிருதா காதுக்குக் கீழே வரை இருக்கும். அடையாள அட்டை வேலையாகப் போன அன்று, கவுண்டருக்குப் போவதற்கு முன்னால் எச்சிலைத் தொட்டுத் தொட்டுக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

செம்பவாங் செவிலி:

அங்கிள் சொன்னதெல்லாம் சரி. நெருப்பைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. நான் பயப்படுவது பிளேடுக்கும் கழுத்துச் சொடக்குக்கும்.

ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்துபோன ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். பிடரியில் கத்தி போடும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழாமல் இருக்காது. அதனால் புது பிளேடை உங்கள் கண்முன்னால் உறையைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று யோசிக்கவே வேண்டாம், நல்ல கடைக்காரர் கேட்காமலே செய்வார். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று போவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹனோய் மாதிரி ஊர்களில் நடைபாதைச் சுவரில் கண்ணாடியை மாட்டி வெட்டுகிறார்களே, வெட்டு அருமையாக இருக்கும், என் தம்பி சொல்லிச் சொல்லி மாய்வான். ஆனால் கூடவே விளக்கை வைத்துக்கொண்டு காது குடைந்துவிட வருவார்கள். அந்தக் குச்சி இதற்கு முன்னால் யார் காதில் இருந்தது என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தோள், முதுகு பிடித்துவிட்டால் சுகமாக அனுபவியுங்கள். தலையை இரண்டு கையால் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்க வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்துக்குள் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான். ஆனால் ஒரு சொடக்குக்காக அது எதற்கு?

பொங்கோல் சுருட்டைமுடி:

ஆண்கள் கதையாகவே போகிறது, ஒரு பெண் கதையும் இருக்கட்டும். வேலைக்காக நகோயாவில் எட்டு மாதம் இருந்தேன். எனக்கு நம் ஊர் அடர்த்தி, நம் ஊர்ச் சுருட்டை. வெட்டிய பெண் அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு நிதானமாக, ஈரத்தலையில் தோளளவுக்கு அளந்து அளந்து வெட்டினார். காய்ந்ததும் காதுக்குக் கீழே ஏறி நின்றுவிட்டது. அவர் கண் கலங்கிவிட்டார், நான்தான் சமாதானம் சொல்லவேண்டியதாயிற்று. அவர் மேல் தப்பே இல்லை. சுருளாத நேர் முடியையே வெட்டிப் பழகிய கைக்குச் சுருட்டை காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்று எப்படித் தெரியும்? அதிலிருந்து எங்கே போனாலும் காய்ந்த தலையில்தான் வெட்டச் சொல்கிறேன். உங்கள் சுழிக்கும் இது பொருந்தும், ஈரத்தில் எல்லாம் படிந்துதான் கிடக்கும்.

ஒரு வேடிக்கை. ஜப்பானில் முகத்தில் கத்தி வைத்துச் சவரம் செய்வது ஆண்கள் போகிற சலூன் உரிமம் உள்ளவர்களின் வேலை, அழகு நிலையத்துக்கு உரிமம் வேறு. அதனால் கல்யாணத்துக்கு முன்னால் முகத்துப் பூனைமுடியை எடுக்க மணப்பெண்கள் சலூனுக்குப் போவதுண்டு. அம்மாவிடம் போனில் சொன்னேன், ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

மிஷின் போதும்:

எதற்கு இவ்வளவு பாடு? சொந்த மிஷினை எடுத்துப் போங்கள். துருக்கியில் நம் மாதிரியே 230 வோல்ட், பிளக் மட்டும் இரண்டு உருண்டைக் கம்பி. ஜப்பானுக்குத்தான் எடுத்துப் போகக்கூடாது. அங்கே 100 வோல்ட், ஒயர் வைத்த மிஷின் சீக்குக் கோழி மாதிரி முனகும்.

தோபாயோ இரட்டைச்சுழி:

மிஷின் அண்ணே, என் உச்சியை நானே பார்க்க முடியாதே. அங்கிள், அக்கா, நன்றி. படம் எடுத்துவிட்டேன். உச்சிப் படத்தை எடுத்தது என் மகள், கீழே "புயல் எச்சரிக்கை" என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

தோபாயோ இரட்டைச்சுழி (இரண்டு மாதம் கழித்து):

வந்துவிட்டேன், சொல்ல வேண்டியது கடமை.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை போனேன், கடை பூட்டு. வியாழன் வேலை முடிந்து, பட்டறை உடுப்போடேயே மறுபடி போனேன். உட்காருவதற்கு முன்னால் இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது, பால் கிடையாது. வெட்டுவதற்கு ஒரு பையன்தான் இருந்தான், இருபது வயது இருக்கும். உச்சிப் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்தான், என் தலையைப் பார்த்தான், சுழியில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். அப்புறம் உள்ளே பார்த்து "உஸ்தா!" என்று குரல் கொடுத்தான். அவனுடைய வாத்தியார் மீசையைத் துடைத்துக்கொண்டே வந்தார், சாப்பாட்டு நடுவில் எழுந்து வந்திருக்கிறார். சீப்பால் இந்தப் பக்கம் சீவினார், அந்தப் பக்கம் சீவினார், பையனிடம் ஏதோ பாடம் நடத்தினார். என் தலையை வைத்து வகுப்பே நடந்தது. பக்கத்து நாற்காலியில் முறைக்குக் காத்திருந்த இருவரும் எழுந்துவந்து பார்த்தார்கள். கடைசியில் மிஷினை எடுக்கவே இல்லை, மேலே முழுக்கக் கத்தரிதான். காய்ந்த தலையில்.

பிளேடை நான் கேட்கவேண்டி வரவில்லை, புதிதாக உறையைப் பிரித்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் மாட்டினார். நெருப்பு வந்தது. கோழி வாசனையும் வந்தது. கழுத்தைப் பிடித்தபோது "யெத்தெர், யெத்தெர்" என்று கத்திவிட்டேன் போல, கடையே திரும்பிப் பார்த்தது, அவர் சிரித்துக்கொண்டே தோளோடு நிறுத்திவிட்டார். கொலோன்யாவுக்கு முருகா என்றேன் அங்கிள், இரண்டு தடவை. காசு சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கில் தேக்காவை விடக் கூடத்தான் ஆனது.

நேற்று கெர்பாவ் சாலைக்குப் போனேன். அண்ணன் "வழக்கம்போலதானே" என்று ஆரம்பித்தவர், சீப்பை உச்சியில் வைத்ததும் நிறுத்திவிட்டார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் நெருப்பு, தேநீர், உஸ்தா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கத்தரியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "எவ்வளவு வாங்கினான்?"