மோட்டார்சைக்கிள்ல விழுந்து மூக்கு குருத்தெலும்பு போச்சு, பினாங்குல எங்க பார்க்கலாம்?

ஜெலுத்தோங்_பையன்:
வணக்கம் மக்களே. என் தம்பி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு காலையில வேலைக்குப் போறப்ப மோட்டார்ல விழுந்துட்டான், ஹெல்மெட் முகம் மூடாத டைப், மூக்குலயே சரியான அடி. எக்ஸ்ரே பார்த்து எலும்பு உடையலன்னு எம்சி (மெடிக்கல் லீவு சீட்டு) குடுத்து அனுப்பிட்டாங்க. மூணு மாசம் தாண்டிருச்சு, வீக்கம் இறங்கினதும் பார்த்தா நடுவுல குழி மாதிரி விழுந்திருக்கு, நுனி இடது பக்கம் சாயுது, அந்தப் பக்கம் மூச்சே போகல, ராத்திரி வாயைத் திறந்துகிட்டுதான் தூங்குறான். ஃபில்லர் (ஊசியில ஏத்துற ஜெல்) போட்டா ஒரு மணி நேரத்துல சரியாயிரும்னு அவன் கூட்டாளி சொல்றான். என்ன பண்ணலாம், செலவு எப்படி?

வார்டு_அக்கா:
தம்பி, குருத்தெலும்பு எக்ஸ்ரேல தெரியாது, உள்ள கேமரா விட்டுப் பார்க்கணும், தேவைப்பட்டா சிடி ஸ்கேன். குழி விழுந்திருக்குன்னா அடிபட்டப்ப உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்குன்னு தனியா ரத்தக்குழாய் கிடையாது, மேல மூடியிருக்கிற சவ்வுலேர்ந்துதான் சத்து போகுது, ரெண்டுக்கும் நடுவுல ரத்தம் தேங்கி ஒண்ணு ரெண்டு நாள்ல எடுக்காம விட்டா குருத்தெலும்பு செத்து கரைஞ்சிரும், அப்புறம் மூக்கு உள்வாங்கும். மத்தவங்களும் கேட்டுக்குங்க, அடிபட்டு ரெண்டு பக்கமும் அடைச்சு உள்ள சிவப்பா மெத்துன்னு வீங்கியிருந்தா அன்னைக்கே எமர்ஜென்சி போங்க. மூக்குலேர்ந்து தெளிவா தண்ணி மாதிரி சொட்டினாலும் அப்படித்தான்.
சும்மா கையால தள்ளி நேராக்குறது எல்லாம் முதல் ரெண்டு வாரம்தான், அது இவருக்கு தாண்டிருச்சு. இனிமே செப்டோரைனோபிளாஸ்டிதான், அதாவது மூக்கு நடுத்தண்டையும் வெளி வடிவத்தையும் சேர்த்து சரி பண்ற ஆபரேஷன், அதுக்கும் தழும்பு இளகட்டும்னு சாதாரணமா ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்வாங்க. ஆனா இஎன்டி (காது மூக்கு தொண்டை டாக்டர்) கிட்ட இப்பவே காட்டணும்.

கோல்ஃபீல்ட்ஸ்_ராஜா:
என் கஸின் கோலாலம்பூர்ல ஃபில்லர் போட்டான் பாஸ், நல்லாதான் இருக்கு லா. எதுக்கு வெட்டிகிட்டு.

மூக்குத்தி_இல்லாதவன்:
அண்ணே உங்க கஸினுக்கு மூச்சு அடைப்பு இருந்துச்சா? ஃபில்லர் வெளிய குழியை நிரப்பும், உள்ள அடைப்பு அப்படியேதான் இருக்கும், அதுவும் நாளாக கரைஞ்சிரும். ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா கண் பார்வையே போற ஆபத்து இருக்கு, அடிபட்ட மூக்குல இன்னும் கவனம். சிலிக்கான் வைக்கிறேன்னு சொன்னாலும் யோசிங்க, மெலிசான தோலைக் கிழிச்சுகிட்டு வெளிய வர வாய்ப்பிருக்கு.
எனக்கு ஃபுட்சால்ல முழங்கை பட்டு இதே கதை. ஆபரேஷன்ல குழியை நிரப்ப நம்ம சொந்த குருத்தெலும்புதான் நல்லது, முதல்ல மூக்கு நடுத்தண்டுலேர்ந்து எடுப்பாங்க, அது பத்தலன்னா காது, நிறைய வேணும்னா விலா. எனக்கு காதுல எடுத்தாங்க, சத்தியமா மூக்கை விட காதுதான் வலிச்சுது, அந்தப் பக்கம் தலைய வச்சு படுக்கவே முடியல. தம்பியை கண்ணாடி முன்னால நிக்க வச்சு கன்னத்தை வெளிப்பக்கமா லேசா இழுத்துகிட்டு மூச்சு இழுக்கச் சொல்லுங்க, நல்லா போச்சுன்னா மூக்கு பக்கச்சுவரும் உள்வாங்கலாம், டாக்டர் கிட்ட மறக்காம சொல்லுங்க.

சொக்சோ_மாமா:
வேலைக்குப் போற வழியில விழுந்தாரா, அப்ப சொக்சோ (மலேசியா தொழிலாளர் காப்புறுதி) கிளெய்ம் பண்ணலாமே, ஃபேக்டரி எச்ஆர் கிட்ட உடனே சொல்லுங்க. போலீஸ் ரிப்போர்ட், எம்சி, எக்ஸ்ரே எல்லாம் ஃபைல்ல இருக்கட்டும். கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) லெட்டர் வாங்கிகிட்டு பினாங்கு பெரியாஸ்பத்திரி இஎன்டிக்குப் போங்க, குடிமக்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் பார்க்க செலவு கம்மிதான், என்ன, அப்பாயின்ட்மென்ட்தான் இழுக்கும். பிரைவேட்னா மெடிக்கல் கார்டு (இன்சூரன்ஸ்) அழகுக்குப் பண்றதுக்கு குடுக்காது, மூச்சு அடைப்பு, விபத்து காயம்னு டாக்டர் லெட்டர்ல தெளிவா இருக்கணும், பணம் கட்டுறோம்னு இன்சூரன்ஸ் குடுக்கிற ஜிஎல் லெட்டர் வந்த பிறகு தேதி குறிங்க.

ஜெலுத்தோங்_பையன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். கன்னத்தை இழுத்துப் பார்த்தான், மூச்சு போகுதாம்! நாளைக்கே கிளினிக் போறோம். வேற என்ன எடுத்துட்டுப் போகணும் அக்கா?

வார்டு_அக்கா:
அடிபடுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, நேரா ஒண்ணு சைடா ஒண்ணு. ஐசில (அடையாள அட்டை) இருக்கிறது பத்தாது.