நார்வே முன்னோரைத் தேடுபவர்களுக்கு: பண்ணைப் பெயரைப் பிடியுங்கள்

என் கணவரின் குடும்பம் மினசோட்டாவில் இருக்கிறது. அவருடைய கொள்ளுத்தாத்தா நார்வேயிலிருந்து வந்தவர் என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. மாமனாருக்குத் தன் பூர்வீக ஊர் எது என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாளாக ஆசை, அதனால் நானே தேட உட்கார்ந்தேன்.

முதலில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தேன். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிறந்த மாதம், வருடம், அமெரிக்கா வந்த வருடம் எல்லாம் இருக்கும். 1890ஆம் ஆண்டுத் தாள்கள் தீ விபத்தில் பெரும்பாலும் போய்விட்டன, அதற்காக அலைய வேண்டாம். ஆனால் பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறுமனே 'நார்வே' என்றுதான் எழுதியிருந்தது. ஊர்ப் பெயர் கிடைத்தது அவர்கள் போய்வந்த லூத்தரன் சபையின் பதிவேட்டில். போதகரும் நார்வேக்காரர், பதிவும் நார்வே மொழியில். கொள்ளுத்தாத்தாவின் அடக்கப் பதிவில் பிறந்த தேதியையும் அவர் ஞானஸ்நானம் பெற்ற சேகரத்தின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பெயரையும் சேர்த்தே எழுதி வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான்.

அப்புறம் நார்வே அரசு ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் தளம். பழைய தேவாலயப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கேதான் பெயர்க் குழப்பம் ஆரம்பிக்கும். ஹான்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சன், மகள் என்றால் ஹான்ஸ்டாட்டர், நம் இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1923இல் சட்டம் வந்த பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமானது. ஒரே சேகரத்தில் ஒரே வருடத்தில் இரண்டு ஓலே ஹான்சன் பிறந்திருக்கிறார்கள்! அவர்களைப் பிரித்துக் காட்டுவது பண்ணைப் பெயர், அதாவது அவர்கள் குடியிருந்த பண்ணையின் பெயர். அதையும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குடும்பம் வேறு பண்ணைக்குப் போனால் அந்தப் பெயரும் மாறிவிடும். எனக்கு உதவியவர்கள் ஞானப்பெற்றோர், அதாவது ஞானஸ்நானத்தில் குழந்தைக்குச் சாட்சியாக நிற்பவர்கள். ஒவ்வொரு குழந்தையின் ஞானஸ்நானப் பதிவிலும் அவர்கள் பெயரும் பண்ணையும் இருக்கும், அண்ணன் தம்பிகளுக்கு அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

1865 கணக்கெடுப்பில் அந்தக் குடும்பத்தைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வருடம் ஆட்களோடு கால்நடையையும் விதைப்பையும்கூட எழுதியிருக்கிறார்கள். இரண்டு பசு, சில செம்மறி ஆடு, கொஞ்சம் ஓட்ஸ், கொஞ்சம் உருளைக்கிழங்கு, அதே கூரையின் கீழ் ஏழு பேர். ஏன் கிளம்பினார்கள் என்று மாமனார் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

பதில்:
அக்கா, நான் நார்வேயில் பெர்கன் நகரத்தில் இருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வரும் குடும்பங்களுக்குப் பழைய பதிவுகளைப் படித்துச் சொல்லி உதவுவதுண்டு. அந்தப் பதிவுகளில் இருக்கும் கோதிக் என்ற பழைய பாணிக் கையெழுத்து முதலில் மிரட்டும். நன்றாகத் தெரிந்த ஒரு பெயரை வைத்து பதிவை எழுதிய போதகரின் எழுத்துகளைப் பழகிக்கொண்டால் மீதி தானாக வந்துவிடும். திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்ததும் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பதிவை விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் வேத அறிவு எப்படி, அம்மைத் தடுப்பூசி எப்போது போட்டார்கள் என்றுகூட அதில் பல இடங்களில் இருக்கும். சேகரத்தை விட்டு வெளியேறியோர் பட்டியலில் 'அமெரிக்கா' என்று ஒரு வரி கிடைத்தாலும் கிடைக்கும். இல்லாவிட்டால் துறைமுகக் காவல்துறை வைத்திருந்த குடிபெயர்வோர் பதிவேட்டைப் பாருங்கள், கிறிஸ்டியானியாவுக்கு (இன்றைய ஆஸ்லோ) 1867 முதலும் பெர்கனுக்கு 1874 முதலும் இருக்கிறது. அதற்கப்புறம் அந்த ஊரின் பிக்டேபொக் இருக்கிறதா என்று கேளுங்கள். பண்ணை வாரியாக யார் யார் வாழ்ந்தார்கள் என்று தொகுத்த உள்ளூர் வரலாற்றுப் புத்தகம் அது. போன கோடையில் ஒரு பெரியவர் அதில் தன் பாட்டியின் தங்கை வழியைக் கண்டுபிடித்தார், அந்தப் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே பண்ணையில்தான் இருக்கிறார்கள். மாமனாரின் பண்ணைப் பெயரை இங்கே போடுங்கள், நூலகத்தில் பார்த்துச் சொல்கிறேன்.