நிக்ஸி கடிகாரம்: வினாடி 4, 5, 6, 7 மட்டும் காட்டுகிறது, நேரமும் வேகமாக ஓடுகிறது

பெசன்ட்நகர்_உப்புக்காற்று:

வணக்கம். மைக்ரோகன்ட்ரோலர் எதுவும் இல்லாமல் முழுக்க டிடிஎல் (5 வோல்ட்டில் ஓடும் பழைய லாஜிக் வகை) ஐசியில் செய்த பழைய 24 மணி நேர நிக்ஸி கடிகாரம் (கண்ணாடி ட்யூபுக்குள் எண் வடிவக் கம்பிகள் ஆரஞ்சாக ஒளிரும் வகை). ஐஎன்-12 ட்யூப் ஆறு, ஒவ்வொன்றுக்கும் தனி 74141 (வரும் எண்ணுக்குரிய கம்பியை எரிய வைக்கும் ஐசி). எண்ணுவதற்கு 7490 ஆறு, 7492 இரண்டு. எல்லாமே சாக்கெட்டில். வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸை வகுத்துத்தான் வினாடி எடுக்கிறது. டிரான்ஸ்பார்மரில் 220 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. இங்கே ப்ளக்கில் 240 வருகிறது.

அளந்து பார்த்தது: ட்யூப் சப்ளை 196 வோல்ட், ஆனோடு ரெசிஸ்டர் (ட்யூபுக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்துவது) ஒவ்வொன்றும் 15 கே (கிலோ ஓம்), 5 வோல்ட் ரெகுலேட்டர் 7805-ன் அவுட்புட் 4.9 வோல்ட்.

வினாடியின் கடைசி இலக்கம் 4, 5, 6, 7, மறுபடியும் 4, 5, 6, 7, அப்புறம் இரண்டு வினாடி இருட்டு. நிமிடத்தின் கடைசி ட்யூப் எரியவே இல்லை. மணியின் முதல் ட்யூபைக் கழற்றி அங்கே போட்டால் 0, 1, 2 பளிச்சென்று வருகிறது; 3 முதல் 9 வரை பாதி உருவம்தான். மணியின் கடைசி இலக்கத்தில் சரியான எண்ணோடு 8 மங்கலாகச் சேர்ந்து தெரிகிறது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு நிமிடம் வேகமாக ஓடுகிறது. தண்ணீர் மோட்டார் போட்டால் கண்ணெதிரிலேயே வினாடி தாவுகிறது.

ஆறு ட்யூபையும் மாற்றத்தான் வேண்டுமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

சீரியஸ்பல்பு:

ட்யூப் வாங்கக் கிளம்பாதீர்கள் சார். ஐந்து கோளாறு சொல்லியிருக்கிறீர்கள், அதில் ட்யூபின் தப்பு ஒன்றிரண்டுதான். சப்ளையைச் சரி செய்யாமல் நல்ல ட்யூபைப் போட்டால் அதுவும் வீணாகும்.

40 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு முதலில் ஆன் செய்யுங்கள். ஒரு கணம் மின்னி அடங்கினால் நல்லது. விடாமல் எரிந்தால் டிரான்ஸ்பார்மரோ பிரிட்ஜோ ஷார்ட். அதைப் பார்த்த பிறகு பல்பை எடுத்துவிட்டுத்தான் வோல்டேஜ் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைத்துக் காட்டும்.

196 வோல்ட் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 220-க்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மருக்கு 240 கொடுத்தால் 9 சதவீதம் ஏறும்; 180 வர வேண்டியது 196 ஆகியிருக்கிறது. 9 சதவீதம்தானே என்று விட முடியாது. எரிந்துகொண்டிருக்கும் ட்யூப் தன்மேல் சுமார் 140 வோல்ட்டை நிறுத்திக்கொள்ளும், மிச்சம்தான் ரெசிஸ்டரின் மேல் விழும். அந்த மிச்சம் 40-லிருந்து 56 ஆகிவிட்டது. 15 கே-யில் 2.7 மில்லிஆம்பியர் ஓடிய இடத்தில் இப்போது 3.7 ஓடுகிறது, நாற்பது சதவீதம் கூடுதல். ஐஎன்-12-க்கு 2.5 போதும். ஆறு ரெசிஸ்டரையும் 22 கே, அரை வாட் ஆக்குங்கள். கணக்குச் சரியாக 2.5-க்கு வரும்.

கெப்பாசிட்டர்களைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ட்யூப் சப்ளைக்கு 22 மைக்ரோஃபாரட், 350 வோல்ட். 7805-க்கு முன்னால் பெரும்பாலும் 1000 மைக்ரோஃபாரட் இருக்கும். அங்கே 2200, 25 வோல்ட் போடுங்கள். இரண்டும் 105 டிகிரி வகை. உங்கள் ஐசிகள் எல்லாம் சேர்ந்து 320 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 1000 இருந்தாலே ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) 3 வோல்ட்டைத் தாண்டும். காய்ந்துபோய் 400 ஆகியிருந்தால் வினாடிக்கு நூறு தடவை 7805-க்குத் தேவையான 7 வோல்ட்டுக்குக் கீழே போய்வரும். மல்டிமீட்டரின் டிசி அளவு அதைச் சராசரியாக்கி 4.9 என்று காட்டிவிடும். மீட்டரை ஏசிக்கு மாற்றி 5 வோல்ட் லைனை அளங்கள். 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள்.

ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் 22 மைக்ரோஃபாரட் சார்ஜோடு இருக்கும். 10 கே, 2 வாட் ரெசிஸ்டரின் காலை இன்சுலேட் செய்து ஐந்து வினாடி தொட்டு இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். அந்தக் கெப்பாசிட்டரின் குறுக்கே 100 கே இரண்டை சீரியஸில் நிரந்தரமாகப் போட்டுவிட்டால் இனித் தானாகவே இறங்கும்.

ஈயக்கம்பி:

வினாடி இலக்கம் தன் நோயைத் தானே சொல்கிறது. 0-க்கு 4, 1-க்கு 5, 2-க்கு 6, 3-க்கு 7. 4 முதல் 7 வரை சரி. 8-ம் 9-ம் இருட்டு. எண் 1, 2, 4, 8 மதிப்புள்ள நான்கு லைன்களில் போகிறது; அதில் 4-ன் மதிப்புள்ள சி லைன் எப்போதும் 1 ஆகவே இருக்கிறது. 8 வர வேண்டிய இடத்தில் 12, 9-க்கு 13. 74141 அப்படிப்பட்ட எண்ணுக்கு எதையும் எரிக்காது.

டிடிஎல்லில் எதிலும் சேராமல் தொங்கும் இன்புட் 1 ஆகத்தான் படிக்கப்படும். ஆகவே எங்கோ காண்டாக்ட் விட்டிருக்கிறது. 7490-ல் பின் 8-ம் 74141-ல் பின் 7-ம்தான் அந்த லைன். பின் 8-ல் துடிப்பு இருந்து, பின் 7-ல் நகராமல் 1.5 வோல்ட் பக்கம் நின்றால் நடுவே துண்டிப்பு. முதலில் சாக்கெட்டைப் பாருங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு வெள்ளிப் பூச்சுள்ள ஐசிக் கால்கள் கறுத்துப்போகும். காலை ஃபைபர் கிளாஸ் பென்சிலால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, ஐபிஏ-வால் (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) துடைத்து, சாக்கெட்டில் நாலைந்து தடவை போட்டு எடுங்கள். சாக்கெட்டின் நாக்கு தளர்ந்திருந்தால் சுத்தம் செய்தும் ஒரு மாதத்தில் திரும்ப வரும். டர்ன்டு பின் (கடைந்து செய்த உருண்டைத் துளை) சாக்கெட்டாக மாற்றிவிடுவது நல்லது.

8-ன் மங்கலுக்கு: கரண்டை நிறுத்தி, சார்ஜ் இறக்கி, அந்த 74141-ஐ மட்டும் உருவிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். ஐசி இல்லாமலேயே 8 தெரிந்தால் கசிவு போர்டில். ஈயம் வைக்கும்போது பூசிய பழைய ஃப்ளக்ஸும் உப்பு ஈரமும் சேர்ந்தால் சில பத்து மைக்ரோஆம்பியர் போகும், மங்கலாக ஒளிர அதுவே போதும். ட்யூப் சாக்கெட்டின் அடிப்பக்கத்தை ஐபிஏ-வும் பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்து, ஹேர் டிரையரில் காயவையுங்கள். ஐசி இல்லாதபோது 8 அணைந்துவிட்டால் ஐசியின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒழுகுகிறது. பக்கத்து 74141-ஓடு இடம் மாற்றி, 8-ம் கூடவே போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 74141 கிடைக்காவிட்டால் ரஷ்ய கே155ஐடி1, கால் வரிசை அதேதான். 7490 வேண்டுமென்றால் ரிட்சி ஸ்ட்ரீட்டில் கேளுங்கள், கல்லூரி லேப்களுக்கு இன்னும் போகிற ஐசி அது. 74எல்எஸ்90-ம் அதே கால் வரிசை, சூடு குறைவு.

கேத்தோடு:

ட்யூப் பக்கம் நான் சொல்கிறேன்.

பாதி உருவம் என்றதும் எல்லோரும் கேத்தோடு பாய்சனிங் (எண் வடிவக் கம்பியான கேத்தோடின் மேல் அழுக்குப் படிவது) என்பார்கள். எந்த இடத்து ட்யூப் என்று பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. நிமிடத்தின் கடைசி இலக்கத்தில் பத்து எண்ணும் சம நேரம் எரிகின்றன, அங்கே பாய்சனிங் சுலபத்தில் வராது. நீங்கள் போட்டது மணியின் முதல் ட்யூப். அது இத்தனை காலமும் 0, 1, 2 தவிர எதையும் எரித்ததில்லை. எரியும் கேத்தோடிலிருந்து தெறிக்கும் உலோகத் துகள் சும்மா இருக்கும் கம்பிகளின் மேல் படிந்துகொண்டே வந்திருக்கிறது. படிந்த இடத்தில் ஒளி பிடிக்காது. உங்களுக்கு 3 முதல் 9 வரை பாதியாக வருவது இதனால்தான்.

குணப்படுத்தலாம். ட்யூபை வெளியே தனி சாக்கெட்டில் வைத்து, 180 வோல்ட்டிலிருந்து 8.2 கே, 1 வாட் வழியாக ஆனோடுக்கு. ஐஎன்-12-ல் ஆனோடு பின் 1. பின் 2 என்பது 0, பின் 3 என்பது 9, அங்கிருந்து இறங்குவரிசையில் பின் 11 என்பது 1. ஆக 3 என்பது பின் 9. அதை மட்டும் கிரவுண்டுக்குக் கொடுங்கள், மற்றதெல்லாம் இணைப்பில்லாமல் இருக்கட்டும். சுமார் 5 மில்லிஆம்பியர் ஓடும். ஆரஞ்சு ஒளி எண்ணின் விளிம்பிலிருந்து இருண்ட பகுதிக்குள் மெல்ல மெல்ல ஏறுவது தெரியும். ஓர் எண்ணுக்குச் சில மணி நேரமும் ஆகும், ஒரு நாளும் ஆகும். உருவம் நிறைந்தவுடன் நிறுத்திவிடுங்கள். பின்களிலிருந்து மேலே வரும் கம்பிகளிலும் ஊதா ஒளி பரவினால் கரண்ட் அதிகம், ரெசிஸ்டரை 10 கே ஆக்குங்கள். ஆளில்லாத நேரத்தில் ஓட விட வேண்டாம்.

எரியாத ட்யூபுக்கும் இதே சாக்கெட்டில் ஒரு சோதனை. 22 கே வழியாக 196 வோல்ட் கொடுத்து ஒவ்வொரு கேத்தோடாகக் கிரவுண்டில் தொடுங்கள். 170 வோல்ட்டுக்குள்ளேயே பற்றிக்கொள்ள வேண்டிய ட்யூப் இது. ரொம்ப நாள் சும்மா கிடந்தது இருட்டில் உடனே பற்றாமல் அடம் பிடிக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து எண்ணும் பேசாமல் இருந்தால் உள்ளே வாயு போய்விட்டது. அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். புதியது வந்தவுடன் 5 தலைகீழ் 2 போல இருக்கிறதே என்று பதறாதீர்கள், ஐஎன்-12-ன் 5 அப்படித்தான்.

இதெல்லாம் முடிந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ட்யூப்களை இடம் மாற்றுங்கள். மணியின் முதல் இடத்துக்கும் வினாடியின் கடைசி இடத்துக்கும் மாற்றுவதுதான் முக்கியம்.

பெசன்ட்நகர்_உப்புக்காற்று:

அருமை, நன்றி. பின் 8 துடிக்கிறது, பின் 7 1.48 வோல்ட்டிலேயே நிற்கிறது. கால் நன்றாகக் கறுத்திருந்தது. தேய்த்துப் போட்டதும் 0 முதல் 9 வரை வருகிறது. ஏசிக்கு மாற்றி அளந்தால் 5 வோல்ட் லைனில் 400 மில்லிவோல்ட். கெப்பாசிட்டரை மாற்றிய பின் 6 மில்லிவோல்ட், ஆனாலும் மோட்டார் போட்டால் இன்னும் தாவுகிறது.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

மோட்டார் ஸ்விட்சின் பொறி, கரண்டின் அலையோடு சேர்ந்து கவுண்டருக்குள் போகிறது. அந்தப் பொறி கிளப்பும் ஒவ்வொரு திடீர் மின் எழுச்சியையும் கவுண்டர் ஒரு சுழற்சியாக எண்ணுகிறது. பியூஸுக்குப் பிறகு பிரைமரியின் குறுக்கே 275 வோல்ட் எம்ஓவி (வோல்டேஜ் எழுச்சியை விழுங்கும் பாகம்) ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸின் குறுக்கே போடத்தக்க வகை) கெப்பாசிட்டர் ஒன்று. அப்புறம் செகண்டரியின் 9 வோல்ட் ஏசியிலிருந்து 10 கே, அங்கிருந்து கிரவுண்டுக்கு 0.47 மைக்ரோஃபாரட், மறுபடி 10 கே, பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 1என்4148 தலைகீழாக. கலெக்டரில் 1 கே-யை 5 வோல்ட்டுக்கு இழுத்து, 7414-ன் (சிக்னலைச் சீராக்கும் ஷ்மிட் ட்ரிகர் ஐசி) ஒரு கேட் வழியாகக் கவுண்டருக்கு. டிரான்சிஸ்டரை விட்டுவிட்டு 10 கே-யை நேரே 7414-க்குக் கொடுத்தால் வேலை செய்யாது, அந்த இன்புட்டைக் கீழே இழுக்க ஒரு மில்லிஆம்பியர் அளவுக்கு வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒரு நிமிடம் முன்பின் இருந்தால் கடிகாரத்தைக் குறை சொல்லாதீர்கள். நம் கிரிட்டின் அனுமதி எல்லை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். ஒரு நாள் முழுக்க சராசரி 49.95 இருந்தாலே 86 வினாடி பின்தங்கும். இன்வர்ட்டரில் ஓடினால் அதன் ஹெர்ட்ஸ்தான் கணக்கு.

துல்லியம் வேண்டுமென்றால் டிஎஸ்3231 (துல்லியமான கடிகார ஐசி) மாட்யூலின் 32கே பின்னை எடுங்கள். கரண்ட் கொடுத்தவுடன் தானாக 32,768 ஹெர்ட்ஸ் தரும், புரோகிராம் வேண்டாம், 4.7 கே புல்லப் (5 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) மட்டும் வேண்டும். அதை சிடி4060 (வகுக்கும் கவுண்டர் ஐசி) பின் 11-க்குக் கொடுத்து, பின் 12-ஐ கிரவுண்ட் செய்தால் பின் 3-ல் 2 ஹெர்ட்ஸ். இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப் உள்ள 74எல்எஸ்74-ன் ஒரு பாதியால் வகுத்தால் 1 ஹெர்ட்ஸ். சாதா 7474 வேண்டாம், 4060-ஆல் அதை இழுக்க முடியாது. விலை குறைவென்று வெறும் கிறிஸ்டலைப் போடுபவர்கள் உண்டு. அது 25 டிகிரிக்கு வெட்டியது. சித்திரை வெயிலில் பெட்டிக்குள் 45 டிகிரி ஆனால் நாளுக்கு ஒரு வினாடிக்கு மேல் பின்தங்கும்.

ஈயக்கம்பி:

டிஎஸ்3231 போடுவதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பழைய 50 ஹெர்ட்ஸ் பாதையை வெட்டிவிடாதீர்கள். வினாடி 7490-ன் பின் 14-க்குப் போகும் கம்பியில் ஒரு எஸ்பிடிடி (இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்) ஸ்விட்ச் வைத்து, பின்பக்கம் பழையதா புதியதா என்று மாற்றிக்கொள்ளுங்கள். போர்டில் டிராக் வெட்ட வேண்டாம், ஐசியின் அந்த ஒரு காலை மட்டும் சாக்கெட்டுக்கு வெளியே வளைத்து அதில் ஈயம் வையுங்கள். ஸ்விட்சுக்குப் போகும் கம்பி நீளமாக இருந்தால் கிரவுண்ட் கம்பியோடு முறுக்கிக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் தாவல் அந்த வழியாகவே திரும்ப வரும்.