தேடும்போது 100, போய்ச் சேரும்போது 234: இதற்கு யார் பொறுப்பு?

தொலைவழி (கேள்வி)

சென்ற மாதம் என் தாயாரும் நானும் குறைந்த கட்டண விமானம் ஒன்றில் பயணம் செய்தோம். நடந்ததைச் சொன்னால் எல்லா நாட்டவருக்கும் கணக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, தேடியவுடன் திரையில் தெரிந்த இருவருக்குமான விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அதே நாளில் வழக்கமான விமான நிறுவனம் ஒன்று 178 கேட்டது. அதில் லக்கேஜ், இருக்கை, சாப்பாடு எல்லாம் அடக்கம். 100 எங்கே, 178 எங்கே என்று நினைத்து மலிவானதைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்தடுத்த பக்கங்களில் விலை ஏறத் தொடங்கியது. 20 கிலோ பெட்டி ஒன்றுக்கு 38. இருக்கையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இருவரும் தனித்தனியே அமர நேரலாம் என்று ஒரு பெட்டிச்செய்தி எச்சரித்தது. என் தாயாருக்கு வலக் காது சரியாகக் கேட்காது. அறிவிப்புகளை நான்தான் இடப்பக்கத்திலிருந்து திரும்பச் சொல்ல வேண்டும். ஆகவே அதற்கு 17 கொடுத்தேன். நான் கேட்காமலேயே டிக் செய்யப்பட்டிருந்த பயணக் காப்பீட்டைக் கண்டுபிடித்து நீக்கினேன். அந்த அளவுக்கு விழிப்பாக இருந்ததில் எனக்குச் சிறிது பெருமைகூட உண்டு. பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில், முன்பதிவு செய்த இடைத்தரகு இணையதளத்தின் 'வசதிக் கட்டணம்' 9 சேர்ந்து, மொத்தம் 164 ஆயிற்று. அப்போதும் 178-ஐ விடக் குறைவுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

விமான நிலையத்தில்தான் மீதி நடந்தது. ஆன்லைன் செக்-இன் செய்யாமல் வந்துவிட்டீர்கள் என்று கவுன்டரில் தலைக்கு 12 வாங்கினார்கள். செக்-இன் செய்யச் சொல்லி எனக்கு ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. பிறகு விமானம் ஏறும் கேட்டில், என் சக்கரப் பெட்டியை அளவுச் சட்டத்துக்குள் இறக்கிக் காட்டச் சொன்னார்கள். பெட்டி இறங்கியது, சக்கரங்கள் மட்டும் வெளியே நின்றன. பின்னால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கார்டு இயந்திரத்தை நீட்டி 46 வாங்கிக்கொண்டார்கள். இதே பெட்டியை மூன்று மாதங்களுக்கு முன் இதே நிறுவனத்தின் விமானத்தில் எவரும் தடுக்கவில்லை.

மொத்தம் 234. இதை ஏமாற்று என்று சொல்ல வேண்டுமா, என்னுடைய கவனக்குறைவு என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? இதில் எதையாவது திரும்பப் பெற வழி உண்டா?

வரவுசெலவு (பதில்)

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழியாக இருந்த காலம் போய், இப்போது ஒரு தொழில்முறையாகவே ஆகிவிட்டது. நீங்கள் கொடுத்த கட்டணங்கள் அனைத்தும் எங்கோ ஒரு விதிமுறைப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அதனால் 'மறைக்கவில்லை' என்று நிறுவனம் சாதிக்கும். அதன் சூட்சுமம் கட்டணத்தைப் பிந்திக் காட்டுவதில் இருக்கிறது. தேதி, பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் நிரப்பி முடித்த ஒருவர், ஐந்தாம் பக்கத்தில் 17 கூடுகிறதே என்பதற்காக எழுந்து வேறு கடைக்குப் போகமாட்டார். ஓரத்தில் ஓடும் கடிகாரமும், 'இந்த விலையில் இன்னும் 2 இருக்கைகள்' என்னும் சிவப்பு எழுத்தும் அவரை எழவிடாமல் பார்த்துக்கொள்கின்றன.

இது மலிவு நிறுவனங்களோடு நிற்கும் பழக்கமும் அன்று. எரிபொருள் விலை உச்சத்தில் இருந்த 2008-ஆம் ஆண்டில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் பெரிய நிறுவனமே பயணி ஒப்படைக்கும் முதல் பெட்டிக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கியது; மற்றப் பெரிய நிறுவனங்கள் பலவும் பின்தொடர்ந்தன. 2010-இல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் ஒரு படி மேலே போய், தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்கும் கைப்பெட்டிக்கும் விலை வைத்தது. எரிபொருள் விலை பிறகு இறங்கியபோது கட்டணம் இறங்கவில்லை. அமெரிக்காவில் இதற்கு வரி சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு: உள்நாட்டுப் பயணச்சீட்டின் விலைமீது 7.5 சதவீத வரி விதிக்கப்படுகிறது, ஆனால் லக்கேஜுக்கெனத் தனியாக வாங்கும் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. ஒரே தொகையைச் சீட்டிலிருந்து பிரித்து லக்கேஜின் தலையில் வைத்தால் நிறுவனத்தின் கையில் கூடுதலாக நிற்கும் என்னும்போது, எந்த நிதி மேலாளர் பிரிக்காமல் இருப்பார்?

இடத்திலும் ஒரு மறைமுகச் செலவு உண்டு, உங்கள் கணக்கில் அது இல்லை. 'பாரிஸ்' என்று விற்கப்படும் மலிவுச் சீட்டுகள் சில இறக்கிவிடும் போவே விமான நிலையம் பாரிசிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து நகருக்குப் போகும் பேருந்துச் செலவு எந்தத் தேடல் பக்கத்திலும் தெரிவதில்லை.

பழைய கவுன்டர்

நான் சில ஆண்டுகள் விமான நிலையக் கவுன்டரிலும் கேட்டிலும் வேலை பார்த்தவன் என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்களுக்கு வராமற்போன மின்னஞ்சல். இடைத்தரகு இணையதளத்தில் முன்பதிவு செய்தால், அது விமான நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தன்னுடைய மின்னஞ்சல் முகவரியையே கொடுக்கிறது. செக்-இன் நினைவூட்டல், நேர மாற்றம், கேட் மாற்றம் எல்லாம் அங்கே போய்ச் சேர்கின்றன. தரகர் அனுப்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கவுன்டரில் நான் தண்டம் வாங்கியவர்களில் பலர் இப்படி வந்தவர்கள். முன்பதிவு எண் கிடைத்த அன்றே விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதை இட்டுத் திறந்து, உங்கள் முகவரியைச் சேர்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, பெட்டி. அதே பெட்டி ஒரு நாள் தப்புவதும் மறுநாள் மாட்டுவதும் விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கேட்டில் நிற்பவர் யார், அவருக்கு மேலிருந்து என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. பிடிபடும் பெட்டிக்கு ஊக்கத்தொகை உண்டு என்பதை வெளியில் பலர் வதந்தி என்று நினைத்திருந்தார்கள். அமெரிக்க மேலவையின் விசாரணைத் துணைக்குழு 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை அதைப் பதிவுசெய்திருக்கிறது: ஃபிரன்டியர், ஸ்பிரிட் ஆகிய இரு நிறுவனங்களும் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில், லக்கேஜ் விதியை மீறும் பயணிகளைப் பிடிப்பதற்காகக் கேட் ஊழியர்களுக்கும் பிறருக்கும் 2.6 கோடி டாலர் கொடுத்திருக்கின்றன. நான் வேலை பார்த்த இடத்தில் ஊக்கத்தொகை இல்லை. ஆனால் எந்த ஷிப்டில் எத்தனை பெட்டி பிடிக்கப்பட்டது என்று மாலையில் ஒரு பட்டியல் வரும். குறைவாகப் பிடித்தவரை ஒருவரும் திட்டமாட்டார்கள், பட்டியலை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைப்பார்கள்.

சக்கரப் பெட்டி வாங்கும்போது கடைச்சீட்டில் உள்ள அளவை நம்ப வேண்டாம். தயாரிப்பாளர்களில் சிலர் சக்கரத்தையும் கைப்பிடியையும் விட்டுவிட்டு அளக்கிறார்கள். விமான நிறுவனம் அவற்றைச் சேர்த்து அளக்கிறது. துணிப்பை என்றால் அளவுச் சட்டத்துக்குள் அழுத்தி இறக்கிவிடலாம். கெட்டியான பெட்டி அரை அங்குலம்கூட வளைந்துகொடுக்காது.

ஒற்றைத்தோள்பை

பெரும்பான்மைக்கு எதிராகப் பேசுவதை மன்னிக்கவும். நான் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு முறை பறக்கிறேன், கையில் ஒரு தோள்பை மட்டும். இருக்கை எங்கே கிடைத்தாலும் எனக்குச் சம்மதம், சாப்பாடு வேண்டாம். நான் கொடுப்பது அந்த 100 மட்டுமே. எல்லாம் அடங்கிய விலை என்று வந்தால், உங்கள் 20 கிலோ பெட்டிக்கு நானும் சேர்ந்து பணம் கட்ட வேண்டியிருக்கும். பெட்டி ஏற்றுவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். தரையில் அரை மணிக்குள் விமானத்தைத் திருப்பி அனுப்புவதில்தான் இந்த நிறுவனங்களின் பிழைப்பே இருக்கிறது. விதிகளைப் படித்துவிட்டுப் போனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தொலைவழி

பெட்டிக்குக் காசு கேட்பதை நான் குறை சொல்லவில்லை. 38 கொடுத்தது என் விருப்பம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. முதல் பக்கத்திலேயே 'ஒரு பெட்டி, இரண்டு இருக்கை' என்று சொல்லி விலை பார்க்க வழியிருந்தால், 178-ஐ அப்போதே எடுத்திருப்பேன். தாங்கள் ஒரு தோள்பையோடு போவதால் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறீர்கள். காது கேளாத தாயாரோடு போகிறவன் தாண்ட முடியாது.

விதிநூல்

திரும்பப் பெற முடியுமா என்ற கேள்விக்கு எவரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். பயணம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ஆம் ஆண்டின் 1008-ஆம் எண் ஒழுங்குமுறை இதைப் பற்றி நேராகவே பேசுகிறது. தவிர்க்க முடியாத வரிகளும் கட்டணங்களும் சேர்ந்த இறுதி விலையை எப்போதும் காட்ட வேண்டும்; விருப்பக் கட்டணங்களை முன்பதிவின் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்; அவற்றைப் பயணியே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்படி உங்கள் காப்பீட்டில் இருந்ததுபோல் முன்கூட்டியே டிக் செய்து வைப்பது அங்கே சட்டத்துக்குப் புறம்பானது. பெரும்பாலான தனிநபர் கார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவதும் 2018 ஜனவரியிலிருந்து அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது.

கைப்பெட்டியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. 2014-இல் வூலிங் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்படைக்கும் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம் என்றும், கைப்பெட்டி பயணத்தின் இன்றியமையாத பகுதி, எடையும் அளவும் நியாயமான வரம்புக்குள் இருந்தால் அதற்குக் கூடுதல் கட்டணம் கூடாது என்றும் சொன்னது. எது நியாயமான அளவு என்று சென்டிமீட்டரில் சொல்லவில்லை. சண்டை முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லின்மீதே நடந்துவருகிறது. ஸ்பெயின் அரசு 2024 நவம்பரில் ரயன்ஏர், வூலிங், ஈசிஜெட், நார்வீஜியன், வோலோட்டியா ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கும் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. கைப்பெட்டிக் கட்டணம், குழந்தைகளோடும் பிறர் துணை தேவைப்படுவோரோடும் வருபவர்களிடம் வாங்கிய இருக்கைக் கட்டணம், போர்டிங் பாஸ் அச்சிடுவதற்கான அளவுமீறிய கட்டணம் ஆகியவை அதற்கான காரணங்களுள் அடங்கும். நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. முன்சொன்ன அதே துணைக்குழு அறிக்கையின்படி, ஐந்து நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை இருக்கைத் தேர்வுக் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் வசூலித்திருக்கின்றன. துணைக் கட்டணங்களை முதலிலேயே காட்ட வேண்டும் என்று போக்குவரத்துத் துறை 2024 ஏப்ரலில் கொண்டுவந்த விதியை, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவைத்தது. அங்கே பயணிக்கு உறுதியாக உதவும் விதி ஒன்று உண்டு: புறப்பாட்டுக்கு 7 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த சீட்டை 24 மணி நேரத்துக்குள் தண்டமின்றி ரத்து செய்யலாம், இல்லையெனில் அந்த 24 மணி நேரம் பணம் வாங்காமல் நிறுவனம் விலையைப் பிடித்துவைக்க வேண்டும்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். இருக்கைக்குக் கொடுத்த 17-க்கு, தாயாரின் செவித்திறன் குறைபாட்டைக் காட்டி நிறுவனத்துக்கு எழுதுங்கள். துணையாளர் பக்கத்தில் அமர்வதற்கு உதவி கேட்கும் பிரிவு பல நிறுவனங்களில் உண்டு, முன்கூட்டியே கேட்டிருந்தால் கட்டணமின்றிக் கிடைத்திருக்கவும் கூடும். கவுன்டர் கட்டணம் 24-ஐத் தரகரிடம் கேளுங்கள், நினைவூட்டலை அனுப்பாதது அவர்கள். 46-க்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். பெட்டியின் அளவு உண்மையிலேயே வரம்பைத் தாண்டியிருந்தால் கார்டு நிறுவனமும் உங்கள் பக்கம் நிற்காது. அந்த அளவுச் சட்டத்துக்குள் பெட்டி இருக்கும் நிலையில் ஒரு படம் எடுத்திருக்கிறீர்களா?

தொலைவழி

படம் எடுக்கவில்லை, அந்த நேரத்தில் வரிசையை விட்டு நகர்ந்தால் போதும் என்றிருந்தது. எல்லோருக்கும் நன்றி. எழுத வேண்டியவர்களுக்கு எழுதிவிட்டேன். தரகர் 24-க்குப் பதிலாக அடுத்த முன்பதிவில் கழித்துக்கொள்ளும் கூப்பன் ஒன்றை அனுப்பியிருக்கிறார். வசதிக் கட்டணத்துக்கு அது செல்லாதாம். இருக்கைக் கட்டணத்தைப் பரிசீலிப்பதாக விமான நிறுவனம் பதில் எழுதியிருக்கிறது.

நேற்று டேப் வைத்துப் பெட்டியை அளந்தேன். வரம்பு 55 சென்டிமீட்டர், என் பெட்டி சக்கரத்தோடு 57, சக்கரம் இல்லாமல் 52. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாயார், ஸ்க்ரூடிரைவர் எங்கே என்று கேட்டார். நான்கு சக்கரங்களையும் கழற்றி ஒரு பழைய காலுறைக்குள் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த முறை இழுத்துப் போக முடியாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.