இயற்கைச் சாயத் துணி போட்ட தேக்கு நாற்காலியில் ஆணியைச் சுற்றிக் கறுப்புப் புள்ளி: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி (திருவான்மியூர்)

வணக்கம். பழைய தேக்கு சாப்பாட்டு நாற்காலி நான்கு. இருக்கை 48 × 46 செ.மீ. சணல் பட்டை, அதன்மேல் சாக்கு, அதற்கு மேல் 5 செ.மீ தேங்காய் நார். ஃபோம் வேண்டாம் என்று முடிவெடுத்துச் செய்தது. மேல் துணி 140 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 140 கிராம்) பருத்தி. நாங்கள் வரைந்து கொடுத்த கொடி டிசைனைக் கடுக்காய் ஊட்டிய துணியில் மரக்கட்டை அச்சாகச் சிவப்பிலும் கறுப்பிலும் போட்டு வாங்கினோம். ஆடியில் நாற்காலிகளுக்குப் போட்டது. கார்த்திகை மழை முடிந்ததும் முன்விளிம்பு அலங்கார ஆணி ஒவ்வொன்றைச் சுற்றியும் நீலங்கலந்த கறுப்புக் கறை. தண்ணீர் சிந்திய ஒரு இருக்கையில் நடுவே பழுப்பு வளையம். துணியும் தொளதொளத்துவிட்டது. பூஞ்சையா? எலுமிச்சை தேய்க்கலாமா?

பதில் 1 (இயற்கைச் சாய அச்சு வேலை)

எலுமிச்சை தேய்க்காதீர்கள், தயவுசெய்து.

பூஞ்சை என்றால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் தூளாக வரும், மக்கிய வாடை இருக்கும், கண்ட இடத்தில் படரும். உங்களுடையது ஆணிக்கு ஒரு வட்டமாக இருக்கிறது. அது இரும்பு. கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்து (டானின்) இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கலம்காரியில் (துணியில் இயற்கைச் சாயத்தால் சித்திரம் போடும் கலை) கறுப்பு எடுப்பதே இப்படித்தான்: இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்துப் புளித்த நீரைக் கடுக்காய்த் துணியில் வைத்ததும் கறுத்துவிடும். உங்கள் வீட்டில் கடற்காற்று உப்பும் மழை ஈரமும் ஆணியைத் துருப்பிடிக்க வைத்து அதே வேலையைச் செய்திருக்கின்றன.

எலுமிச்சை அந்தக் கறையை வெளுக்க வைக்கும், உண்மை. ஆனால் கொடியின் கறுப்புக் கோடும் அதே பொருள்தான், அதுவும் சேர்ந்து போகும். படிகாரம் போட்டு ஏற்றிய சிவப்பும் புளிப்பு பட்டால் மஞ்சள் பக்கம் திரும்பும். கறையை மட்டும் எடுக்க வழியில்லை. அந்தத் துணியை மாற்றத்தான் வேண்டும். கறைபடாத நடுப்பகுதியைத் தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (குஷன் வேலை, பெரம்பூர்)

அந்த அலங்கார ஆணிமேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்க. ஒட்டினா பித்தளை இல்லை, இரும்புமேல் பித்தளை முலாம். அடிக்கும்போது விளிம்பில் முலாம் விரியும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அடியில் ஸ்டேப்ளர் பின்னும் சாதா இரும்பாகத்தான் இருக்கும், ஒண்ணு கழட்டிப் பாருங்க.

பழுப்பு வளையம் நாரோட கறை. தேங்காய் நாரிலும் துவர்ப்பு உண்டு, நனைஞ்சா பழுப்புத் தண்ணி விடும், மேல் துணி அதைக் குடிச்சிடும். நாருக்கும் அச்சுத் துணிக்கும் நடுவில் எதுவுமே போடலைன்னு தெரியுது. தொளதொளப்புக்கு 140 ஜி.எஸ்.எம்.தான் காரணம். அது திரைச்சீலைக்கும் குர்த்தாவுக்கும் சரி. உட்காருற இடத்துக்கு 250-லிருந்து 300 வரை கெட்டித் துணி வேணும்.

பதில் 3

மேலே தண்ணீர் ஒட்டாத ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

பதில் 1

போதாது. ஈரம் காற்றிலிருந்தும் அடிச் சாக்கு வழியாகவும் வருகிறது. ஃப்ளோரின் கலந்த பூச்சு என்றால் இயற்கைச் சாயத்துக்குச் செலவழித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

புதுத் துணி வாங்கினால் அச்சுக்கு முன்பே சுருக்கம் பாருங்கள். 50 செ.மீ சதுரம் குறித்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி அளங்கள். 48.5-க்குக் கீழே போனால் முழுத் துணியையும் அலசிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

பதில் 2

வேலை வரிசை இப்படி. பழைய பின் எல்லாத்தையும் பிடுங்குங்க. உடைஞ்ச பின்னோட கால் ஒண்ணுகூட மரத்துக்குள்ள நிக்கக் கூடாது. நாரை ரெண்டு நாள் வெயிலில் காயவைங்க. நார்மேல் 1 செ.மீ பருத்திப் பஞ்சு, அதுக்குமேல் சாயமில்லாத காடாத்துணி இழுத்துக் கட்டி முடிங்க. உட்காருற இழுவையைத் தாங்கவேண்டியது காடாதான், அச்சுத் துணி மேல் போர்வை மாதிரி. நிறைய பேர் இந்த ஒரு அடுக்கை மிச்சம் பிடிக்கிறாங்க, அதுதான் வினை.

புது ஸ்டேப்ளர் பின் 304 ரக ஸ்டெயின்லெஸ் (துருப்பிடிக்காத எஃகு), 10 மி.மீ கால், 4 செ.மீக்கு ஒண்ணு. இழை முன்னும் பின்னும் நேரா ஓடணும். முன் நடு, பின் நடு, ரெண்டு பக்க நடு, அப்புறம் மூலையைப் பார்த்துப் போங்க. மூலையை முதலில் அடிச்சா கொடி வளைஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்

ஆணி இரும்புதான், காந்தம் பச்சென்று பிடித்தது. ஸ்டெயின்லெஸ் பின்னையும் காந்தத்தில் பார்க்கலாமா? நான்கு நாற்காலிக்கு எத்தனை மீட்டர்?

பதில் 2

பின்னுக்குக் காந்தத்தை நம்பாதீங்க. கம்பியா இழுத்த 304 லேசா ஒட்டும். நாலு பின்னை உப்புத் தண்ணியில் ஒரு ராத்திரி போட்டு, எடுத்து ஈரத்தோட ஒரு நாள் வெளியில் வைங்க. செம்பழுப்பு விட்டா திருப்பிக் கொடுத்துடுங்க.

முன்விளிம்பில் ஆணியே வேண்டாம். அதே துணியில் பைப்பிங் (உள்ளே கயிறு வைத்த துணி விளிம்பு) தைச்சு ஓட்டுங்க. முழுப் பித்தளை ஆணி இரும்பு மாதிரி துணியைக் கறுக்க வைக்காது, ஆனா ஈரத்தில் லேசாப் பச்சை விடலாம்.

அளவு: பக்கத்துக்கு 6 செ.மீ உயரம், 4 செ.மீ மடிப்பு. ஒரு துண்டு 68 × 66 வரும். 44 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்கு ஒரு துண்டுதான், 2.64 மீட்டர்; சுருக்கத்தையும் கொடியை நடுவில் நிறுத்துறதையும் சேர்த்து 3 மீட்டர் எடுங்க. பைப்பிங்குக்கு ஓரத்தில் மிஞ்சுறதே போதும். 54 அங்குலத்தில் துண்டைத் திருப்பிப் போட்டா வரிசைக்கு ரெண்டு விழும், 1.5 மீட்டர்தான். ஆனா கொடி படுத்துடும்.

பதில் 1

அதற்குத்தான் தனி அச்சு. அச்சுக்காரரிடம் 68 × 66 கட்டம் போட்டுக் கொடுத்து, கட்டையை அந்தப் பக்கமே திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். மடிப்பில் மறையும் 4 செ.மீ.யில் கறுப்பு வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஸ்டேப்ளர் பின்னைச் சுற்றிப் புதுக் கறுப்பு விழுந்தால் உடனே கண்ணில் படும்.